பெடல் கல்லா, பஞ்சா? வேகமாக ஓட்டும் காருக்கு பிரேக் பேட், கோளாறு வாரியாக

டிராக்கில், அதாவது பந்தயப் பாதையில், ஒரு நாள் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எந்த பேட் போடலாம்?” (டிஸ்க்கை இறுக்கிப் பிடித்துக் காரை நிறுத்தும் உராய்வுத் துண்டுதான் பேட்.) நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “பிரேக் பிடிக்காமல் போனபோது பெடல் கல் மாதிரி இருந்ததா, பஞ்சு மாதிரி இருந்ததா?” கல் என்றால் பேடைப் பற்றிப் பேசலாம். பஞ்சு என்றால் பேடுக்குச் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியது வேறு.

நானே இதில் ஏமாந்தவன்தான். முதல் முறை பெடல் தரையைத் தொட்டதும் பயந்துபோய் ரேஸ் பேட் வாங்கி மாட்டினேன். அடுத்த முறை அதே வளைவில், அதே மாதிரி, மறுபடியும் தரையைத் தொட்டது. மூன்று வருடமாக மாற்றாத பிரேக் ஆயில்தான் காரணம். புது பேடால் கிடைத்த ஒரே மாற்றம், தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கார் கத்தியதுதான்.

கீழே இருப்பது சாலையிலும் அவ்வப்போது டிராக்கிலும் ஓடும் சாதாரண டிஸ்க் பிரேக் காருக்கானது. உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போங்கள். காசில்லாத சோதனை முதலில் வரும், பர்ஸைப் பதம் பார்ப்பது கடைசியில் வரும்.

## கை வைக்கும் முன்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். டிஸ்க் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், புதியவற்றின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேட் கழற்றியிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். மாட்டி முடித்ததும், காரை நகர்த்தும் முன், பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தவருக்கு முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

சில நிலைமைகளில் சோதனை எதுவும் வேண்டாம், காரை ஓட்டவே வேண்டாம். ஆயில் எங்கேயாவது ஒழுகுவது, மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போவது, டிஸ்க்கில் விரிசல் விளிம்புவரை ஓடியிருப்பது, பேடின் உராயும் பகுதி இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்திருப்பது, சிவப்பு பிரேக் விளக்கு எரிவது. இதில் ஒன்று இருந்தாலும் மெக்கானிக் வரட்டும், அல்லது கார் வேறொரு வண்டியில் ஏறிப் போகட்டும்.

## பெடல் கல்லாக இருக்கிறது, கார் நிற்கவில்லை

எப்போது இப்படி ஆகிறது என்பதை வைத்து வழி பிரியும்.

### மெதுவாகப் போகும்போதும் எப்போதும் இப்படித்தான்

பேடை விடுங்கள், பூஸ்டரைப் (மிதிக்கு வலு கூட்டும் பகுதி) பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். கடைசி மிதியை அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் ஹோஸ் விரிசல் விட்டிருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் நன்றாக இருந்தால் செக் வால்வ் அல்லது பூஸ்டர்தான், அது மெக்கானிக் வேலை.

### புது பேட், முதல் சில சுற்றுகளிலேயே

பேடுக்குள் இருக்கும் பிசின் முதல் முறை நன்றாகச் சூடாகும்போது வாயுவாக வெளியேறும். அந்த வாயு டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே நின்று பிடிப்பைக் கெடுக்கும். பேடில் குறையில்லை, பழக்காமல் டிராக்கில் இறக்கியதுதான் குறை.

பழக்குவதற்குப் பேட் தயாரிப்பாளர் ஒரு முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் பொதுவான முறை இது: முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேர்ப்பாதையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து 30 வரை, ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் சறுக்குவதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்காத அளவுக்கு அழுத்தமாக, 8 முதல் 10 முறை பிரேக் பிடியுங்கள். எந்த முறையும் முழுதாக நிறுத்தக் கூடாது. 30 வந்ததும் உடனே மறுபடியும் வேகமெடுங்கள். கடைசி சில முறைகளில் நாற்றம் வரும், பிடிப்பும் சற்றுக் குறையும். அப்படி வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கின் மேல் சீரான சாம்பல் நிறப் படலம் தெரிய வேண்டும்.

### நாலைந்து சுற்று கழித்து, நன்றாகச் சூடான பிறகு

இதுதான் பேடின் எல்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. சாலையில் குறைசொல்ல முடியாத பேட் டிராக்கில் கைவிடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பேடைக் கழற்றிப் பாருங்கள். உராயும் முகம் கண்ணாடி போலப் பளபளக்கிறதா? ஓரங்கள் பொடிந்து உதிர்கின்றனவா? பின்தகட்டின் பெயின்ட் வெளுத்துச் சாம்பலாகிவிட்டதா? பளபளப்பு மட்டும் என்றால், கனம் போதுமான அளவு இருந்தால், சமமான பரப்பில் உப்புத்தாளை வைத்து அந்த மினுமினுப்பு போகும்வரை தேய்த்து, மறுபடியும் பழக்கிப் பார்க்கலாம். ஓரம் பொடிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் காசில்லாத மருந்து ஒன்று உண்டு. ரொம்பத் தூரத்திலிருந்தே பெடலை மெதுவாக அழுத்திக்கொண்டு வருகிறீர்களா? அதில் டிஸ்க் ஆற நேரமே கிடைப்பதில்லை. அழுத்தமாக, குறுகிய நேரம் பிடித்துவிட்டு விட்டுவிட வேண்டும். என் நண்பர் ஒருவர் இதை மாற்றியதும் பேட் மாற்றும் யோசனையைக் கைவிட்டார்.

அதற்கும் மசியவில்லை என்றால் வேறு பேட் வாங்கும் நேரம் வந்துவிட்டது. வாங்கும்போது மூன்றைப் பார்ப்பேன்.

முதலில் வெப்ப வரம்பு. வேகமான சாலை ஓட்டத்துக்கென்று விற்கும் பேட்கள் பொதுவாகக் குளிர்ந்த நிலையிலிருந்தே பிடிக்கும், 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் தளரத் தொடங்கும். முழு டிராக் பேட்கள் 600, 700 வரை தாங்கும், ஆனால் 150, 200 டிகிரி வந்த பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். பெட்டியில் மேல் எல்லை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். கீழ் எல்லை என்ன என்று தேடிப் பாருங்கள், சாலையில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

அடுத்து, பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது சூடான பிறகு எவ்வளவு என்பது. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ஆக, எஃப்-இ என்று இருந்தால் சூடானதும் பிடிப்பு குறையும் பேட், எஃப்-எஃப் என்றால் ஒரே மாதிரி நிற்கும் பேட். இதை ஒரு அளவுக்குமேல் நம்பவும் வேண்டாம். இந்த எழுத்துகளைத் தரும் சோதனை சுமார் 350 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது, டிராக்கில் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஒரே எழுத்துள்ள இரண்டு பேட்கள் டிராக்கில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

மூன்றாவதாக, “செராமிக்” என்ற பெயரில் மயங்க வேண்டாம். சாலைக்கு விற்கும் செராமிக் பேட் சத்தமும் தூசியும் குறைவாக இருப்பதற்காகச் செய்தது. விலையுயர்ந்த வேகக் கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிராக் நாளுக்கு இதைப் போட்டு ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுத்தர வழி வேண்டுமென்றால், இரும்புத்தூள் கூடிய செமி மெட்டாலிக் வகையில் வேகச் சாலை பேட் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

## பெடல் பஞ்சாகிறது, அல்லது தரையைத் தொடுகிறது

ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது குழாயில் காற்று இருக்கிறது. எந்தப் பேடும் இதைச் சரிசெய்யாது. சொல்லப்போனால் நல்ல பேட் போட்ட பிறகுதான் பலருக்கு ஆயில் கொதிக்கத் தொடங்கும். முன்பு பேட் முதலில் தோற்றுப்போய் உங்களை மெதுவாக ஓட்ட வைத்தது. இப்போது பேட் தாங்குகிறது, நீங்கள் விடாமல் ஓட்டுகிறீர்கள், சூடு முழுவதும் பேடையும் பிஸ்டனையும் தாங்கும் காலிபருக்குள் இறங்குகிறது.

### சூடான பிறகு மட்டும், ஆறினால் ஓரளவு திரும்புகிறது

கொதித்த ஆயில். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியதும் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இவை தரநிலை கேட்கும் குறைந்தபட்ச அளவுகள். ரேஸ் ஆயில்களில் புதிய நிலையில் 300 டிகிரியைத் தாண்டுவனவும் உண்டு.

கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று உங்களையே கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அதுவே பதில். சாலைக்கு இரண்டு வருடம் தாங்கும் ஆயிலை, டிராக் போகிற கார் என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். ஒரு முறை கொதித்துவிட்டால், பெடல் மறுபடியும் இறுகியிருந்தாலும், மாற்றியே ஆக வேண்டும்.

எண்ணில் பெரியதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான் ஆயில், மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் உள்ள கார்களுக்கும் ஒத்துவராது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. பெயர் வைத்தவர்களுக்கு வேறு எண்ணே கிடைக்கவில்லை போலும்.

ஆயில் புதிது, அப்படியும் கொதிக்கிறதா? பேடின் கனத்தை அளந்து பாருங்கள். பேட் தேயத் தேய டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கு எளிதாகப் போய்ச் சேரும். சாலையில் 3 மி.மீ. வரை ஓட்டலாம் என்று இருப்பவர்கள்கூட, பாதி தேய்ந்த பேடோடு டிராக்குக்குப் போகக் கூடாது. பாதிக்குக் கீழே வந்ததைச் சாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

### ஆறிய பிறகும் பஞ்சுதான்

காற்று. ஏர் எடுங்கள், அதாவது ஆயிலோடு காற்றையும் வெளியேற்றுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும், கார் கையேட்டைப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் பகுதி) தூரமான சக்கரம் முதலில் என்பதுதான் பரவலான வரிசை. ஆள் வைத்து மிதிக்கச் சொல்லி எடுப்பதானால் பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய காரில் பெடல் அடிவரை போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் அதுவரை பிஸ்டன் போகாத துருப்பிடித்த பகுதியில் ரப்பர் சீல் கிழியலாம். ஆயில் டப்பா காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலியானால் மொத்த வேலையும் முதலிலிருந்து.

இரண்டு முறை ஏர் எடுத்தும் மாறவில்லை என்றால் ரப்பர் ஹோஸ்கள் உப்புகின்றனவா என்று ஒருவரை மிதிக்கவைத்துப் பாருங்கள். அவை வயதானவை என்றால் மாற்றுவது நல்லது. ஹோஸும் சரி என்றால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று நின்றிருக்கலாம். அதை ஸ்கேனர் மாட்டித்தான் வெளியேற்ற முடியும், மெக்கானிக்கிடம் கொடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் சந்தேகமும் அவரோடு போகட்டும்.

### முதல் மிதி ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதி சரி

பலரைக் குழப்புவது இது. வளைவில் சக்கரம் பக்கவாட்டில் அசைந்து, டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளிவிடுகிறது. அடுத்த மிதியில் அந்த இடைவெளியை நிரப்பவே பெடல் பாதி போய்விடும். வளைவு முடிந்த உடனே, அல்லது டிராக் ஓரக் கரைக்கல்லில் ஏறி இறங்கியதும் மட்டும் வருகிறதென்றால் இதுதான். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் வீல் பேரிங். ஆட்டமில்லை என்றால் டிஸ்க்கின் தள்ளாட்டத்தை (சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு அசைகிறது என்பதை) அளக்க வேண்டும், அது அடுத்த தலைப்பில் வருகிறது. அதுவரை, நேர்ப்பாதையில் பிரேக் இடத்துக்குச் சற்று முன்பு இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டால் சமாளிக்கலாம்.

## பிரேக் பிடித்தால் நடுக்கம்

“டிஸ்க் வளைந்துவிட்டது” என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அளந்து பார்த்தவற்றில் நிஜமாகவே வளைந்தது அரிது. பெரும்பாலும் பேட் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். 0.02 மி.மீ. கன வித்தியாசமே கையில் உறைக்கும்.

எங்கே நடுங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்டீயரிங்கில் என்றால் முன் சக்கரம், சீட்டிலும் பெடலிலும் மட்டும் என்றால் பின் சக்கரமாக இருக்கலாம். பிரேக் தொடாமலே நடுங்கினால் வீல் பேலன்ஸ் பாருங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம்.

டிராக்குக்குப் போய்வந்த பிறகுதான் ஆரம்பித்தது என்றால், சூடாக வந்து பிட்டில் (டிராக்கில் கார் நிறுத்தும் இடம்) நின்றபோது பெடலை மிதித்தபடியே இருந்தீர்களா, ஹேண்ட்பிரேக் இழுத்தீர்களா? சூட்டில் பேட் அப்படியே டிஸ்க்கில் முத்திரை குத்திவிடும். சில சமயம் டிஸ்க்கில் பேடின் உருவமே கண்ணுக்குத் தெரியும். கடைசிச் சுற்றை பிரேக்கில்லாமல் மெதுவாக ஓட்டி, பிட்டில் கியரில் போட்டு, கட்டை வைத்து நிறுத்துங்கள்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் வீல் நட்டுகளைத் தளர்த்தி, டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு, குறுக்கு மறுக்காக இறுக்குங்கள். ஏர் கன்னில் கண்மூடித்தனமாக இறுக்கியதாலேயே நடுங்கிய கார்கள் உண்டு. அடுத்து டிஸ்க்கைக் கழற்றி, ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் பகுதி) முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாக எடுங்கள். ஒரு துணுக்குத் துரு அங்கே இருந்தால் விளிம்பில் அது பெரிதாகித் தெரியும். பிறகு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றித் தள்ளாட்டத்தைப் பாருங்கள். காருக்கென்று அளவு தெரியாவிட்டால் 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. டிஸ்க்கை ஹப்பில் ஒரு துளை தள்ளி மாட்டினாலே சிலவேளை அளவு இறங்கிவிடும்.

தள்ளாட்டம் இல்லை, நடுக்கம் மட்டும் இருக்கிறதென்றால் திட்டுதான். உப்புத்தாளால் டிஸ்க்கின் இரு பக்கமும் சீராகத் தேய்த்து, பேடையும் லேசாகத் தேய்த்து, மேலே சொன்னபடி மறுபடியும் பழக்குங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இதோடு முடிந்துவிடும்.

கருநீலப் புள்ளிகள் தெரிந்து, தேய்த்தாலும் போகாமல், லேத்தில் கடைந்தாலும் சில வாரத்தில் நடுக்கம் திரும்பினால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். அதீதச் சூட்டில் அந்த இடத்து இரும்பு வேறு மாதிரிக் கடினமாகிவிட்டது, அது ஆழம்வரை போயிருக்கும். கடைவதற்கு முன் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தைப் பாருங்கள். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகுமென்றால் கடையவே வேண்டாம். டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் இல்லாதவர்கள், ஹப்பைச் சுத்தம் செய்த கையோடு மெக்கானிக்கிடம் போய்விடலாம்.

## காலையில் முதல் பிரேக் பிடிக்கவே இல்லை, இரண்டு மூன்று முறைக்குப் பிறகு சரி

இரவு மழை பெய்து டிஸ்க் துருவேறியிருந்தால் எல்லாக் காரிலும் முதல் மிதி இப்படித்தான். தினமும் இப்படியென்றால், உங்கள் காரில் இருப்பது டிராக் பேட்.

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பானவன். டிராக் பேடோடு தினசரி வேலைக்குப் போவதை வீரம் என்று நினைக்கிறார்கள். முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிற நேரத்தில் பேட் 30 டிகிரியில்தான் இருக்கும். அதோடு, குளிர்ந்த டிராக் பேட் டிஸ்க்கை அரம் போல அராவும். பேட் சீக்கிரம் தீராது, டிஸ்க் தீர்ந்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே பேட் என்று தேடுகிறவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். டிராக்குக்கு ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்புகிறவருக்கு, வருடத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் என்றால், வேகச் சாலை பேடும் நல்ல ஆயிலும் போதும். அதற்கு மேல் என்றால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றுவது நல்லது. பழகினால் முன் பேட் மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஒரே டிஸ்க்கில் இரண்டு வகையும் ஓடுவதானால் ஒரே தயாரிப்பாளரின், ஒத்துப்போகும் கலவைகளாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றின் படலத்தின் மேல் மற்றது சரியாக ஒட்டாமல் முந்தைய தலைப்பின் நடுக்கம் வந்து சேரும். கையில் காசிருந்தால் டிஸ்க்கும் இரண்டு ஜோடி.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.நா.வின் ஆர்90 விதிப்படி ஒப்புதல் பெற்ற மாற்று பேடில் வட்டத்துக்குள் ஆங்கில இ எழுத்தும் எண்ணும் இருக்கும். அந்த விதியைப் பின்பற்றும் நாடுகளில் அது இல்லாத டிராக் பேடைச் சாலையில் ஓட்டினால் சிக்கல் வரலாம்.

## பின் சக்கரம் முந்திப் பூட்டுகிறது, ஏபிஎஸ் கண்டபடி துடிக்கிறது

முதலில் டயர். காற்றழுத்தம், தேய்மானம், ரப்பரின் வயது. பிடிப்பில்லாத டயரில் எந்தப் பேடும் சக்கரத்தைப் பூட்டும், அதாவது சுழலவிடாமல் நிறுத்திச் சறுக்கவைக்கும்.

டயர் நன்றாக இருந்தால், முன்னே ஒரு பேட், பின்னே வேறொரு பேட் என்று கலந்திருக்கிறீர்களா? பின்னால் முன்னைவிடக் கூடுதல் உராய்வுள்ள பேட் போடவே கூடாது. கார் பிரேக் பிடிக்கும்போதே சுழலும். முன் பேடை மட்டும் கடினமானதாக மாற்றியவர்களுக்கு வேறு தொல்லை: காலையில் முன் பேட் குளிர்ந்து கிடக்கும், சாதாரணப் பின் பேட் உடனே பிடிக்கும், அதனால் சூடாகும்வரை பின்பக்கம் முந்திக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரே குடும்பத்துக் கலவையாகப் போடுங்கள்.

பேட் பொருந்தியிருந்தும், வறண்ட பாதையில் லேசான மிதிக்கே ஏபிஎஸ் துடித்தால் சக்கர சென்சார் சந்தேகம். ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

## ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு பேட் மட்டும் தேய்கிறது

ஒரே காலிபரில் உள் பேடும் வெளிப் பேடும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஸ்லைடு பின் (காலிபர் முன்பின் நகர உதவும் கம்பி) மாட்டிக்கொண்டிருக்கலாம். பின்னைக் கழற்றி, துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பேட் உட்காரும் இடத்தில் துரு இருந்தால் அராவி எடுங்கள்.

ஸ்லைடு பின் நன்றாக நகர்கிறது, பிஸ்டன் கையால் தள்ளினால் நகர மறுக்கிறது என்றால் ப்ளீட் நிப்பிளை (ஏர் எடுக்கத் திறக்கும் திருகை) திறந்து தள்ளிப் பாருங்கள். அப்போது போனால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அப்போதும் போகவில்லை என்றால் காலிபர். டிராக் நாட்களுக்குப் பிறகு பிஸ்டன் ரப்பர் உறை கருகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். காலிபர் பிரித்துச் சீல் மாற்றுவதை அனுபவமில்லாமல் தொடாதீர்கள். மின் ஹேண்ட்பிரேக் உள்ள பின் காலிபரில் பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் சர்வீஸ் மோடில் போட வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் உடையலாம்.

ஆயில் அல்லது கிரீஸ் ஊறிய பேடைச் சுத்தம் செய்ய நேரம் செலவழிக்க வேண்டாம். கசிவைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

## கிரீச் சத்தம்

பாதுகாப்புப் பிரச்சினை இல்லாத சத்தம்தான் அதிகம். ஷிம் (பேடின் பின்னால் வைக்கும் மெல்லிய தகடு) போட்டீர்களா, கிளிப்புகள் புதிதா, பின்தகடு தொடும் இடங்களில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். டிராக் பேட் என்றால் கத்தும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இரும்போடு இரும்பு உரசும் கரகரச் சத்தம் வேறு. அது பேட் தீர்ந்ததற்கான குரல், அன்றே பாருங்கள்.

## பேட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

பின் பேட் முன்பேடைவிட வேகமாகத் தீர்ந்தால், வளைவில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு உங்களுக்குத் தெரியாமலே பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஸ்டீயரிங்கைச் சீராகத் திருப்பினால் குறையும்.

முன் பேட் ஒரே நாளில் பாதியானால் அது வெப்ப வரம்பைத் தாண்டி ஓடுகிறது. ஊகிக்க வேண்டாம், அளக்க வழி இருக்கிறது. டிஸ்க்கின் விளிம்பில் பூசும் வெப்ப பெயின்ட் மூன்று நிறத்தில் கிடைக்கும். பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல். சில சுற்று ஓட்டிவிட்டு எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். பச்சை மட்டும் மாறியிருந்தால் வேகச் சாலை பேட் போதும். ஆரஞ்சும் மாறியிருந்தால் டிராக் பேட் வேண்டும். சிவப்பும் போயிருந்தால் பேடை மட்டும் மாற்றி மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். பிரேக்குக்குக் காற்று கொண்டுவரும் குழாய் வைக்க வேண்டும், அதுவும் போதாதென்றால் பெரிய டிஸ்க், பெரிய காலிபர். அந்த இடத்தில் வேலையைப் பிரேக் பொருத்தத் தெரிந்த ஒரு நிபுணரிடம் விடுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான பிரேக் பங்கு அங்கே மாறிப்போகிறது.